வரவேற்பில் வேலையில்லாதவர்கள்

திருமண வரவேற்பு என்பது, மணமக்கள் அலங்கார மேடையொன்றில் ஏறத்தாழ மூன்று மணிநேரம் நின்றபடி இருக்க, வாழ்த்த வந்தவர்கள் கீழே வரிசை கட்டி நின்று, முறை வந்ததும் மேலேறி, உறையையோ பரிசுப் பெட்டியையோ கொடுத்து, புகைப்படக்காரர் கைகாட்டும் திசையில் சிரித்துவிட்டு, மறுபக்கப் படி வழியாக இறங்கிச் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி விரையும் நிகழ்ச்சியாகும். வருகிறவர்களை எதிர்கொண்டு அழைப்பது என்பதே இச்சொல்லின் பொருளாயினும், நடைமுறையில் வந்தவர்தாம் தேடிச் சென்று தம்மை வரவேற்கச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. தமிழகத்தில் இது பெரும்பாலும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையிலேயே நடந்துவிடுவதால், இன்னும் தாலி ஏறாதவர்கள் தம்பதியராக நின்று ஆசி பெறுகிறார்கள். இனி நடக்கவிருப்பதை, விரைவும் தெளிவும் கருதி, நடந்து முடிந்ததாகவே சொல்லலாம் என்று நன்னூல் அனுமதிக்கும் கால வழுவமைதியைப் புலவர்களைக் காட்டிலும் மண்டபக்காரர்களே நன்றாகப் பயன்படுத்தி வருகிறார்கள். இக்கட்டுரையின் களமான திருவனந்தபுரத்தில் முகூர்த்தம் முடிந்த பிறகு, அன்று மாலையோ மற்றொரு நாளோ வரவேற்பு வைப்பதே மிகுதியான வழக்கம். இதனால் இலக்கணம் காப்பாற்றப்படுகிறது. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கே எழுப்பிக் குளிப்பாட்டிப் பட்டு உடுத்திவிடப்பட்ட குழந்தைகள், அதே நாள் மாலையில் இன்னொரு முறை பட்டு உடுத்தியவர்களாக மண்டபத்துக்குள் கொண்டுவரப்படுகிறார்கள். வரவேற்பின் துன்பவியல் அங்கே தொடங்குகிறது.

இந்த நிகழ்ச்சியில் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. மணமக்களுக்கு நிற்பது வேலை. பெற்றோருக்கு, எதிரே நிற்பவர் யாரென்று நினைவுக்கு வராதபோதும், "நீங்க வந்ததே போதும்" என்று நெகிழ்வது வேலை. மாமாக்கள் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு எத்தனை பேர் சாப்பிட்டாயிற்று என்று விரல்விட்டு எண்ணுகிறார்கள். அத்தைமார் எதிர் வரிசையில் இருக்கும் புடவையின் விலையைத் தூரத்திலிருந்தே மதிப்பிட்டு, அதைப் பக்கத்து அத்தையின் மதிப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மூன்று வயதுக்கு மேல் பத்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் யாரும் எந்த வேலையும் ஒதுக்கவில்லை. வரவேற்பில் குழந்தைகளை எப்படி மகிழ்விப்பது என்று பெற்றோரும் ஏற்பாட்டாளர்களும் இன்று கொள்கிற கவலைக்கு வேர் இதுதான். வேலையற்ற முப்பது பேரை, வழவழப்பான தரை பதித்த நீண்ட கூடமொன்றில், காலில் புதுச் செருப்போடு விட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய அரசியல் நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

பழந்தமிழர் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தார்கள் என்று பார்ப்பது பயனுடையது. நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்றின் 86ஆம் பாட்டு, ஒரு திருமணத்தை ஏறத்தாழ நிகழ்ச்சி நிரல் போலவே விவரிக்கிறது: உளுந்து சேர்த்துச் சமைத்த களியை உண்ணும் ஆரவாரம், வரிசைக் கால்கள் நட்ட குளிர்ந்த பெரிய பந்தல், ஏற்றிய விளக்கு, தொங்கவிட்ட மாலைகள், உரோகிணியோடு நிலவு கூடிய நல்ல நாளின் விடியற்பொழுது, மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிற நான்கு மகளிர். இந்த நால்வருக்கும் புலவர் வைத்திருக்கும் தகுதி, அவர்கள் புதல்வரைப் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது. உரையாசிரியர்கள் இதில் மங்கலத்தைக் கண்டார்கள். அனுபவம் உள்ள வாசகர் வேறொரு கேள்வியைக் கேட்பார். தாய்மார் நால்வரும் நீர்க்குடத்தோடு நிற்கும் அந்த விடியற்பொழுதில், அவர்கள் பெற்ற புதல்வர்கள் எங்கே இருந்தார்கள்? புலவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை என்றாலும் விடையை அருகிலேயே வைத்திருக்கிறார். பந்தலின் கீழே, வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மணலைப் பரப்பியிருந்தார்களாம். ஒரு பந்தல் நிறையப் புது மணல் கொட்டிக் கிடக்கும் இடத்தில் குழந்தைகளை மகிழ்விக்க ஆள் அமர்த்த வேண்டிய தேவை எழுவதில்லை. சங்க காலத்துக்குப் பின் தமிழர் திருமணத்தில் நேர்ந்த பெரிய வீழ்ச்சி மணலை அகற்றிவிட்டு கிரானைட் பதித்தது என்று ஒருவர் வாதிட்டால், அதை மறுப்பது எளிதாக இராது.

விருந்தில் குழந்தைகள் நடந்துகொள்ளும் முறையையும் பழம் புலவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்றின் 188ஆம் பாட்டில் ஒரு குழந்தை குறுகுறுவென்று நடந்து வந்து, கையை நீட்டி, நெய்ச் சோற்றைத் தொட்டு, கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இத்தகைய குழந்தை இல்லாத வாழ்வில் பயனில்லை என்று அரசன் முடிக்கிறான். அரண்மனையில் துணி வெளுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் வாசகர் இங்கே கருத்தில் கொள்ள வேண்டும். வள்ளுவர் இன்னும் எச்சரிக்கையானவர். சிறு கைகள் அளைந்த கூழ் அமிழ்தத்தைவிட இனியது என்று சொல்லும்போது, அவை தம்முடைய மக்களின் கைகளாக இருக்க வேண்டும் என்று அவர் வரையறுத்துவிட்டார். வரவேற்புப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் குழந்தை நம் பாயசத்துக்குள் கைவிட்டால் அதற்கு அந்தக் குறள் பொருந்தாது.

இனி, இடத்துக்கு வரலாம். கிழக்கேகோட்டை என்பது, 18ஆம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ எழுந்த கோட்டையின் கீழைவாயிலுக்குரிய பெயர். இன்று அந்தப் பெயர் வாயிலைத் தாண்டி, பேருந்து நிலையத்தையும் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலையும் சாலைக் கடைத்தெருவின் முகப்பையும் சேர்த்துக் குறிக்கிறது. வாயிலுக்கு உள்ளே இருப்பது கோட்டைக்ககம், அதாவது கோட்டைக்கு அகம். திருவிதாங்கூரின் தலைநகரம் அந்த நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே பெயர்ந்தபோது, கோயிலையும் அரண்மனையையும் கச்சேரியையும் சார்ந்து தமிழ்க் குடும்பங்கள் பலவும் வந்து சேர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது பெண் வீடு ஒரு மாநிலத்திலும் மாப்பிள்ளை வீடு இன்னொரு மாநிலத்திலுமாகப் பிரிந்து போனாலும், சம்பந்தங்கள் மட்டும் எல்லையை மதிக்கவில்லை. ஆகவே கிழக்கேகோட்டை மண்டபத்தில் நடக்கும் ஒரு தமிழ் வரவேற்புக்கு நாகர்கோவிலிலிருந்து ஒரு வேன் வருவது வழக்கம். 70 கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தூரத்தை இரண்டு மணிநேரத்துக்கு மேல் கடந்து, வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்து, மூன்று முறை "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்ட எட்டுப் பத்துக் குழந்தைகள் அதிலிருந்து இறங்குகிறார்கள்; அவர்களை மகிழ்விக்கும் பொறுப்பு, முன்பின் அறிமுகமில்லாத ஒரு நகரத்தின்மேல் விழுகிறது.

இந்தத் தெருக்களில் முன்பு நடந்த கல்யாணங்கள் குழந்தைகளைக் கேளிக்கைக்கு உரியவர்களாகக் கருதவில்லை, ஆள்படையாகவே கருதின. சான்றாக ஜானவாசத்தைக் கூறலாம். மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்கு முந்தின மாலை திறந்த காரில் அமர்த்தி, நாகசுரம் முன்செல்ல, விளக்கு வெளிச்சத்தில் ஊர்வலமாக அழைத்து வரும் சடங்கு அது. அந்தக் காரில் மாப்பிள்ளையைச் சுற்றி எஞ்சியிருக்கும் ஒவ்வோர் அங்குலமும், அந்தக் குடும்பத்தில் எடை குறைந்த எல்லோருக்கும் உரியது என்பது எழுதப்படாத சட்டம். மாப்பிள்ளையின் மடியில் ஒன்று, கதவின்மேல் இரண்டு, ஓட்டுநருக்கும் கியருக்கும் இடையே ஒன்று என்று ஏறிக்கொண்ட பின், ஊர்வலத்தைப் பார்ப்பவர்களுக்கு யார் மாப்பிள்ளை என்பது மாலையைக் கொண்டுதான் தெரியும். காசியாத்திரையில் குடை பிடிக்கிறவரின் வேட்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், ஊஞ்சலில் ஆட்டம் நின்றபிறகு ஏறிக்கொள்ள நான்கு ஆள், பொரியிடும் சடங்கில் அக்காளின் கையில் பொரி அள்ளிப் போட ஒரு தம்பி என்று நிரல் முழுக்கப் பதவிகள் இருந்தன. மலையாளிகள் வீட்டுக் கல்யாணத்தில் தாலப்பொலி, அதாவது பூவும் விளக்கும் வைத்த தட்டேந்தி மணமகனை எதிர்கொள்ளும் வரிசை, பெரும்பாலும் சிறுமிகளுடையதே. அந்தத் தட்டை வைத்திருக்கும் ஏழு வயதுப் பெண், எவ்வளவு நேரம் நிற்கச் சொன்னாலும் நிற்பாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு "போய் உட்கார்" என்று சொன்ன அடுத்த நிமிடமே அவளுக்குக் கால் வலிக்கும்.

இவற்றில் எல்லாம் நலங்குக்கு ஈடானது ஒன்றுமில்லை. மணமக்களை எதிரெதிரே பாயில் உட்கார்த்தி, தேங்காய் உருட்டி விளையாடச் செய்து, ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளத்தைச் சுற்றி உடைக்கச் செய்யும் மாலைநேர விளையாட்டுச் சடங்கு அது. முகம் தெரியாத இருவரைக் கூச்சம் போகப் பழக்குவதற்காக இது ஏற்பட்டது என்று விளக்குவார்கள். பாயைச் சுற்றி முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இதன் நோக்கம் முற்றிலும் வேறு. தேங்காய் உருண்டு பாயை விட்டு வெளியே போகும். அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்காக ஐந்து பேர் பாய்வார்கள். அப்பளம் நொறுங்கும் அந்தக் கணத்தில் ஒரு துண்டு மணப்பெண்ணின் சடைநாகத்தில் சிக்கும், ஒரு துண்டு மாப்பிள்ளையின் காலருக்குள் இறங்கும், மற்றவை பாயில் சிதறும். சிதறியவை தரையில் தங்கும் நேரம் மிகக் குறைவு. பொரித்த அப்பளத்தை அடுக்களையிலிருந்து முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால் "வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, ஒரு பெரிய மனிதரின் தலையில் உடைந்த பின் அதே அப்பளத்தைத் தேடி எடுத்துத் தின்கிறது. சமையலின் இந்தக் கடைசிப் பக்குவத்தை எந்தச் சமையல் நூலும் குறிப்பிடவில்லை.

வரவேற்பு மேடையில் தேங்காய் உருளுவதில்லை. எதுவும் உடைவதில்லை, அல்லது உடைந்தால் அது ஏற்பாட்டில் இல்லாதது. ஆகவே, வேலை பறிபோன குழந்தைகள் தாமே வேலை தேடிக்கொள்கிறார்கள். இவ்வாறு அவர்கள் மேற்கொள்ளும் தொழில்களை வகைப்படுத்தப் புதிய கலைச்சொற்களை உருவாக்க வேண்டிய தேவை இல்லை. பிள்ளைத்தமிழ் என்ற சிற்றிலக்கியம் அந்தப் பணியைச் செய்து வைத்திருக்கிறது. தெய்வத்தையோ தலைவரையோ குழந்தையாகப் பாவித்து, அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்துப் பாடும் இவ்வகை, 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைப் பாடியதிலிருந்து தொடர்ந்து வருகிறது. காப்பு, செங்கீரை, தால் ஆகிய முதல் மூன்று பருவங்களால் வரவேற்புக்குத் தீங்கில்லை. செங்கீரைப் பருவத்தது, அதாவது கையை ஊன்றித் தலையைத் தூக்கி ஆடும் ஐந்து மாதக் குழந்தை, மடிக்கு மடி மாறிப் போய், இறுதியில் யாருடையது என்று தெரியாத ஒரு மடியில் தூங்கிவிடும். சப்பாணிப் பருவத்தது கை கொட்டும். மெல்லிசைக் குழுவுக்கு அந்த மாலையில் கிடைக்கும் உண்மையான கைதட்டல் அது ஒன்றுதான். முத்தப் பருவத்தில் புகைப்படக்காரர் நுழைகிறார். "அத்தைக்கு ஒரு முத்தா குடு" என்று கேட்டால் கொடுக்காமல், கேமரா திரும்பியபின் கொடுப்பது இப்பருவத்தின் இலக்கணம். வாரானை என்பது தாய் "வா வா" என்று அழைக்கக் குழந்தை தளர்நடை நடந்து வரும் பருவம். மண்டபத்தில் தாயின் பங்கு மாறாமல் இருக்க, குழந்தை எதிர்த்திசையில், தளராமல், செல்கிறது.

அம்புலிப் பருவத்தில் சற்று நிற்க வேண்டும். குழந்தையோடு விளையாட வருமாறு நிலவை அழைப்பது இதன் பொருள். அழைக்கும் வழிகள் நான்கு என்று வகுத்திருக்கிறார்கள். சாமம் இன்சொல்லால் இணக்குவது, தானம் கொடுத்து இணக்குவது, பேதம் வேற்றுமை காட்டுவது, தண்டம் மிரட்டுவது. இன்று வரவேற்புக் கூடத்தில் பெற்றோர் எந்தப் பாட்டியல் நூலையும் படிக்காமலே இந்த நான்கையும் இதே வரிசையில் கையாளுகிறார்கள். "செல்லமில்லையா, அம்மா பக்கத்தில் வந்து உட்காரு" என்பது சாமம். "ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்பது தானம். "அந்த அண்ணாவைப் பாரு, எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கான்" என்பது பேதம். அந்த அண்ணா, நாற்காலிக்கு அடியில் வேறொரு குழந்தையின் செருப்பை ஒளித்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தவன் என்பது இதில் சேராது. "ராத்திரி வீட்டுக்கு வா, உன்னைப் பேசிக்கிறேன்" என்பது தண்டம். இத்தனை நூற்றாண்டுகளாக இந்த நான்கு வழிகளாலும் புலவர்கள் அழைத்து, நிலவு ஒருமுறையும் இறங்கி வரவில்லை என்ற உண்மையைப் பெற்றோர் கவனத்தில் கொள்வது நல்லது.

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களும்தான் மண்டபக்காரர்களுக்கு உரியவை. சிற்றில் என்பது, சிறுமியர் மணலில் கட்டிய சிறு வீட்டைச் சிறுவன் காலால் சிதைக்கும் பருவம். மணல் இல்லாத நிலையில், மேடை ஓரத்தில் நட்டிருக்கும் பூத்தூணையும், ஐஸ்கிரீம் மேசையில் கோபுரமாக அடுக்கிய காகிதக் கிண்ணங்களையும் கொண்டு இது நிறைவேறுகிறது. சிறுபறைக்கு, கைகழுவும் இடத்துக்கு அருகில் காலியாகக் கிடக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் போதுமானது. சிறுதேர் உருட்டுவதற்குப் பரிமாறுகிறவர்களின் தள்ளுவண்டி இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் இருவர் அமர, ஒருவர் தள்ள, குழம்பு வாளி மேலே இருக்கும்போதே அது வெளிவீதி சுற்றப் புறப்பட்டுவிடும். பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்று அமைதியானவற்றை இலக்கணம் ஒதுக்கியிருந்தாலும், பட்டுப்பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு தேர் தள்ளுகிறவர்களில் பாதிப்பேர் இலக்கணத்துக்கு மாறானவர்கள் என்பதைக் கள ஆய்வு உறுதிப்படுத்துகிறது.

பிள்ளைத்தமிழ் ஆசிரியர்கள் அறியாத ஒரு பருவமும் இப்போது சேர்ந்திருக்கிறது. சிறுவர்களுக்கென்று இடுப்பில் ஒட்டுப்பட்டி வைத்துத் தைத்த வேட்டி வந்துவிட்டது. அவிழ்ந்து விழுமோ என்ற தாய்மாரின் பழைய அச்சத்தைத் தீர்க்கவே அது வந்தது. அந்தப் பட்டியைப் பிரித்தால் 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும் என்பதை ஐந்து வயதுக்காரன் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. மீண்டும் ஒட்டினால் மீண்டும் பிரிக்கலாம் என்பது அடுத்த கண்டுபிடிப்பு. நாகசுரக்காரர் ஆலாபனையின் உச்சத்தில் மூச்சைப் பிடித்து நிறுத்தும் அந்த நிசப்தத்தில், முன்வரிசையிலிருந்து அந்தச் சத்தம் எழுகிறது. பெரியவர்கள் பெரும் பணம் செலவழித்து வரவழைத்த எந்தக் கேளிக்கையும் இதற்குப் பக்கத்தில் வருவதில்லை.

அந்தக் கேளிக்கைகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பஞ்சுமிட்டாய் இயந்திரம் நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் பயன் பட்டுப்புடவைகளின் தோள்களில் ஒட்டிக்கொண்டு நெடுநாள் நிலைக்கிறது. மந்திர வித்தைக்காரரை அழைப்பதற்கு இந்நகரம் ஏற்றது. 2014இல் கழக்கூட்டத்தில் மேஜிக் பிளானட் என்று வித்தைக்கென்றே ஒரு வளாகம் திறந்த ஊர் இது. எனினும் கல்யாணக் கூடத்து வித்தைக்காரர், மேடைக்கும் முன்வரிசைக்கும் இடைவெளி இல்லாத இடத்தில், "சட்டைக் கைக்குள்ளே வச்சிருக்கார்" என்று உரக்க அறிவிக்கும் ஆறு வயது விமர்சகர்களோடு தொழில் செய்ய வேண்டியவர். சோட்டா பீம் போன்ற உருவங்களின் பஞ்சு உடையை அணிந்து ஒருவர் வந்து குழந்தைகளுக்குக் கை கொடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் அந்த உடைக்குள் இருப்பவரின் நிலையை நினைத்தால் கேளிக்கை என்ற சொல்லே நாவில் வராது. குழந்தைகளோ, தொலைக்காட்சியில் ஒரு சாண் உயரத்தில் பார்த்துப் பழகிய நண்பன் ஆறடி உயரத்தில், இமைக்காத கண்களோடு, தம்மை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வருவதைக் கண்டு அலறுகிறார்கள். பங்குனித் திருவிழாவின்போது பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்கு நடையில் பஞ்சபாண்டவர்களின் மிகப்பெரிய உருவங்களை நிறுத்துவது மரபு. மழைக்கடவுளான இந்திரனை மகிழ்விக்க என்பது நம்பிக்கை. அங்கும் ஒரு பீமன், இவனைவிடப் பன்மடங்கு பெரியவனாக, நிற்கத்தான் செய்கிறான். எந்தக் குழந்தையும் அவனைப் பார்த்து அழுவதாகத் தெரியவில்லை. அவன் கைகுலுக்க வருவதில்லை என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

எல்லா வழிகளும் தோற்றபின் கைபேசி வெளிவருகிறது. ஒரு கைபேசியைச் சுற்றி ஏழு தலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் காட்சி பெற்றோருக்குக் கால் மணிநேர அமைதியைத் தருகிறது. பிறகு எந்தப் படத்தைப் பார்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு தோன்றுகிறது. கைபேசி யாருடையதோ அவர், மாமாவுக்கு வழி சொல்ல அது தேவைப்படும்போது, அதைத் திரும்பப் பெற மேற்கூறிய நான்கு வழிகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கிழக்கேகோட்டையில் கல்யாணம் வைத்தவர்களுக்கு இவை எதுவும் வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. மண்டபத்திலிருந்து நடக்கும் தொலைவில், பத்மதீர்த்தக் குளத்தை நோக்கிய கருவேலப்புரை மாளிகையின் முகப்பில், மேத்தன் மணி இருக்கிறது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அமைந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கடிகாரத்தின் மேலே ஒரு தாடிக்காரரின் முகமும், அதன் இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்களும் உள்ளன. மணி அடிக்கும்போது தாடிக்காரர் வாயைத் திறக்கிறார். கடாக்கள் இரண்டும் விலகி வந்து அவர் கன்னங்களில் முட்டுகின்றன. அவ்வளவுதான் நிகழ்ச்சி. 1837இல் வானத்தை ஆராய இந்நகரில் வானாய்வு நிலையம் கண்ட அரசர், தெருவில் போகிறவர்களுக்கு நேரத்தைச் சொல்ல ஆடுகளை நியமித்தார் என்பது, அறிவியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்வது எப்படி என்று அவர் அறிந்திருந்ததைக் காட்டுகிறது. அவரே குழந்தையாக இருந்தபோது அவரைத் தூங்கவைக்க இரயிம்மன் தம்பி இயற்றியதுதான் 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்னும் புகழ்பெற்ற தாலாட்டு. அதே பாட்டை இன்றைய வரவேற்புகளில் கீபோர்டும் டிரம்ஸும் வைத்து வாசிக்கும்போது, தூங்குகிற குழந்தைகளும் எழுந்துவிடுகிறார்கள்.

மேத்தன் மணியைக் காட்ட அழைத்துச் செல்வது தாத்தாக்களின் பொறுப்பு. மேடைக்கு வேண்டாதவர்களும், கூட்டத்தில் இருக்க விரும்பாதவர்களும் அவர்களே என்பதால் இது இருதரப்புக்கும் இசைவானது. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஆறு குழந்தைகளும் ஒரு தாத்தாவும் குளக்கரையில் போய் நிற்கிறார்கள். பத்து நிமிடம் நிற்பது குழந்தைக்கு முடியாத காரியம் என்று மேடையருகே நிரூபணமாகியிருந்தாலும், இங்கே ஒருவரும் அசைவதில்லை. ஆடு ஏன் அவரை முட்டுகிறது என்று ஒன்று கேட்கிறது. அவர் அதன் தழையைத் தின்றுவிட்டார் என்கிறார் தாத்தா. ஆடு ஏன் ஏழு மணிக்கு மட்டும் முட்டுகிறது என்று இன்னொன்று கேட்கிறது. எல்லா மணிக்கும் முட்டும், நாம்தான் இப்போது வந்திருக்கிறோம் என்கிறார். அவருக்கு வலிக்காதா என்பது மூன்றாவது கேள்வி. அதற்கு விடை சொல்வதற்குள் மணி அடித்துவிடுகிறது. நாகர்கோவில் வேனில் வந்தவனும், கோட்டைக்ககத்திலேயே பிறந்தவனும், பக்கத்து வீட்டு மலையாளிச் சிறுமியும் ஒரே குரலில் கத்துகிறார்கள். பிறகு திரும்பும் வழியெல்லாம் ஒருவர் தாடிக்காரராக, இருவர் கடாக்களாக மாறி முட்டிக்கொண்டு வருவதும், கண்ணாமூச்சியை ஒருவர் அப்பெயராலும் மற்றொருவர் 'ஒளிச்சுக்களி' என்றும் அழைத்தபடி ஒரே ஆட்டத்தை ஆடுவதும் நிகழ்கின்றன. இதே நேரத்தில் இரு வீட்டுப் பெரியவர்கள், எந்த ஊர், யார் வழியில் உறவு என்ற ஆரம்ப விசாரணையையே முடித்திருக்க மாட்டார்கள். பகல் வரவேற்பானால் குதிரை மாளிகை இருக்கிறது. சுவாதித் திருநாள் கட்டிய அந்த அரண்மனையின் கூரைக்கு அடியில் மரத்தில் செதுக்கிய குதிரைகள் 122. அவற்றைச் சரியாக எண்ணிச் சொல்பவருக்குப் பரிசு என்று அறிவித்தால், பாதியில் சண்டை வந்து முதலிலிருந்து எண்ணும் நேரத்தையும் சேர்த்து, ஒரு பந்தி முழுதாக முடிந்துவிடும்.

பந்தி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இலைச் சாப்பாட்டில் மட்டும் குழந்தைகளின் பழைய உத்தியோகம் இன்னும் பறிபோகவில்லை. கேரளத்துக் கல்யாணக் கூடங்களில் சாப்பாட்டு அறையின் கதவு திறக்கும் கணம் போர்முனைக்கு ஒப்பானது. முகூர்த்தத்தின்போது முட்டிவலியால் எழ முடியாதவர்கள்கூட அப்போது முன்வரிசையில் இருப்பார்கள். பெரியவர்களின் முழங்கைகளுக்குக் கீழே புகுந்து சென்று, நாற்காலி ஒன்றில் தாம் அமர்ந்து, இருபுறமும் இரண்டு நாற்காலிகளில் கைக்குட்டைகளை வைத்து, "இங்கே எங்க பாட்டி வரா" என்று உறுதியாக நிற்க எட்டு வயதுக்காரர்களால்தான் முடியும். அந்த நேரத்தில் அவர்களை மகிழ்விக்க யாரும் முயல்வதில்லை. முயன்றாலும் அவர்களுக்கு நேரமில்லை. இலையின் ஓரத்தில் வைக்கும் சர்க்கரை வரட்டியை, அதாவது வெல்லமும் சுக்கும் பூசிய நேந்திரங்காய்த் துண்டுகளை, சோறு வருமுன் தின்று தீர்ப்பதும், பாட்டியின் இலையிலிருந்தும் தீர்ப்பதும் அந்தப் பணிக்கான ஊதியம். கடைசியில் மஞ்சள் நிறத்தில் துணிபோல் மெல்லிய போளியை வைத்து அதன்மேல் பாயசத்தை ஊற்றுவது திருவனந்தபுரத்தின் தனி வழக்கம். போளியைப் பிய்த்துப் பாயசத்தில் பிசைந்து தின்பதே முறையென்று பெரியவர்கள் கற்பிக்கிறார்கள். குழந்தைகள் அதை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலையும் ஒருகாலத்தில் அவர்களுடையதே. நீண்ட கழுத்தும் துளையிட்ட தலையும் உடைய பன்னீர்ச் செம்பை ஏழு வயதுச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டால், உள்ளே வருகிற ஒவ்வொருவர் மேலும், அவர் கண்ணாடி அணிந்தவராக இருந்தால் சற்றுக் கூடுதலாகவும், தெளித்து முடித்து, செம்பு காலியானபின் குழாய் நீரை நிரப்பிக்கொண்டு தொடர்வான். சந்தனக் கிண்ணத்துக்கு ஒருத்தி. கற்கண்டுத் தட்டுக்கு ஒருவன், அவனைக் கண்காணிக்க ஒருவன். இன்று பல மண்டப வாசல்களில் விசிறி பொருத்திய இயந்திரம் தானே பன்னீரைத் தூவுகிறது. அது யாருடைய கண்ணாடியையும் குறிவைப்பதில்லை. அந்த வேலையை இழந்தவனோ உள்ளே தள்ளுவண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

இரவு ஒன்பதரைக்கு மேல் ஓர் இயற்கையான அமைதி ஏற்படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை எதிரெதிராக நெருக்கிப் போட்டு, பாட்டியின் மேல்துண்டை விரித்த படுக்கையில், கடைசிக் குழந்தையும் உறங்கியிருக்கிறது. ஒட்டுவேட்டி பாதி பிரிந்து தொங்க, மூடிய கைக்குள் கசங்கிய போளி இருக்கிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் புகைப்படக்காரருக்குக் குடும்பப் படம் எடுக்கவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. எல்லோரும் மேடையேறுகிறார்கள், வரிசையில் ஓர் இடம் காலியாக இருப்பதைப் பெரியம்மா கண்டுபிடிக்கிறார். "ஒரே ஒரு படம்தானே, எழுப்பு, மறுபடி தூங்கிடுவான்" என்று யாரோ சொல்கிறார்கள். எழுப்பப்பட்டவன் விளக்கொளியில் ஒருமுறை கண்ணைக் கசக்கி, படம் எடுத்து முடியும்வரை அழுதுவிட்டு, முடிந்ததும் முழு விழிப்போடு கீழே குதித்து, ஆட்டைப் பார்க்கப் போகலாம் என்கிறான். மணி பத்து அடித்துச் சில நிமிடங்களே ஆகியிருக்கின்றன. அடுத்த முட்டலுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம் இருக்கிறது என்பதை அவனுக்கு விளக்கும் பொறுப்பு, செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து அப்போதுதான் மாட்டிக்கொண்ட தாத்தாவிடம் வந்து சேர்கிறது.